அரியதாக்கியவர் யார்?

திருகோணமலையிலே, துறைமுகத்தை அண்டிய பகுதியிலே, தமிழ் கற்பித்து வருகின்றோம். சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் 'யான் விரும்பும் பாடகன்' என்ற தலைப்பிலே கட்டுரையொன்று எழுதி எம்மிடம் கொண்டுவந்தான். எட்டுப் பக்கம். அவன் விரும்பிய பாடகன் அமெரிக்க நாட்டுப் பொப் டிலன். 1962இல் வெளிவந்த முதல் இசைத்தட்டிலிருந்து, 1965இல் நியூபோர்ட் நாட்டார் இசைவிழா மேடையிலே மின் கிற்றாரைக் கையிலெடுத்துச் சிலரின் கூச்சலுக்கு ஆளானது வரை, ஏறத்தாழ நாற்பது இசைத்தொகுப்புகளின் வரலாற்றையும் அவன் வரிசை பிசகாமல் எழுதியிருந்தான். 1966ஆம் ஆண்டுக் கச்சேரி ஒன்றின் களவுப்பதிவு இலண்டன் அல்பேட் மண்டபத்திலே பாடியது என்று பலகாலம் வழங்கிற்றாம். உண்மையில் அது மான்செஸ்டர் நகரிலே பாடியதாம். அதையும் அவன் திருத்தியிருந்தான்! 1967இல் ஒரு வீட்டின் நிலவறையிலே நண்பர்களோடு கூடி விளையாட்டாகப் பதிவுசெய்த பாடல்களில் எவை எப்போது வெளிவந்தன, எவை வெளிவராமற் கிடந்தன என்பதும் அவனுக்கு மனப்பாடம்.

கட்டுரை நன்றாயிருந்தது. நல்ல புள்ளியே வழங்கினோம். வழங்கிவிட்டு, "தம்பி, இதே காலத்திலே இந்த ஊரிலிருந்து கிற்றாரோடு தமிழிலே பாடப் புறப்பட்டவர் ஒருவரின் பெயர் சொல், பார்ப்போம்" என்றோம். அவன் விழித்தான். வகுப்பு முழுவதும் விழித்தது. பின்வாங்கிலிருந்த ஒருத்தி மட்டும், "சுராங்கனி பாடினவர் எங்கட ஊரோ, சேர்?" என்று கேட்டாள்.

மாணவரை நோகிறோமில்லை. அந்த எட்டுப் பக்கத்தையும் அவன் எழுதுவதற்கு ஒரு நாடே அவனுக்கு ஏடு திறந்து வைத்திருக்கிறது. நம் ஊர்ப் பாடகனைப் பற்றி அரைப் பக்கம் எழுதவும் அவனுக்கு நாம் எதைத் திறந்து வைத்தோம்? இக்கட்டுரை அந்தக் கேள்வியை நம்மவரிடம் கேட்பதற்காகவே எழுதப்படுகிறது. நம்மவர் என்று நாம் சொல்வது ஆசிரியரை, எழுத்தாளரை, முற்போக்கு மேடைகளிலே 'மக்கள் கலை' என்று முழங்குகின்ற நம்மையே.

டிலனைக் கற்கலாகாது என்பது எமது கட்சியன்று. பெயரிலேயே 'பொப்' இருப்பதனால் அவரைப் பொப்பிசைக்காரர் என்று எண்ணி முகஞ்சுளித்த பெரியார் ஒருவரை யாம் அறிவோம். அவரோடு எமக்கு வழக்கில்லை. டிலனின் வரலாற்றிலே நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. அவருக்கு ஆசானாய் விளங்கியவர் வூடி கத்ரி. பஞ்சம் பிழைக்க ஊர் ஊராக அலைந்த உழவரின் துயரத்தைப் பாடியவர். அந்தக் கத்ரியை 1940இல் ஆலன் லோமாக்ஸ் என்பவர் அமெரிக்க அரசின் காங்கிரஸ் நூலகத்துக்காக உட்காரவைத்துப் பாட்டும் பேச்சுமாக மணிக்கணக்கிலே பதிவுசெய்தார். அந்நூலகத்தின் நாட்டார் பாடற் களஞ்சியம் 1928இலேயே தொடங்கிவிட்டது. ஏழைப் பாடகன் வாயிலிருந்து வந்த பாட்டும் நாட்டின் சொத்து. அது பொதுப் பணத்திலே காக்கப்படவேண்டும் என்ற எண்ணம் முதலாளித்துவத்தின் கோட்டையாகிய அந்நாட்டிலேயே அன்று தோன்றியிருக்கிறது. இதை நாம் மறுக்கவேண்டியதில்லை.

ஆனால் அதே நாட்டிலே பின்னர் நடந்ததையும் காணவேண்டும். டிலனின் வெளிவராத பாடல்களை 1969இல் சிலர் களவாக அச்சிட்டு விற்றனர். வெறும் வெள்ளை உறையிலே வந்த அத்தட்டு விலைபோன வேகத்தைக் கும்பனி கண்டது. 'அரிய பதிவு' என்பதற்கும் சந்தை உண்டு என்பது புரிந்தது. 1991 முதல் கும்பனியே 'களவுத்தட்டு வரிசை' என்று தன் சரக்குக்குப் பெயரிட்டு விற்கத் தொடங்கிற்று. மான்செஸ்டர் கச்சேரி 32 ஆண்டுகள் பெட்டியிற் கிடந்து 1998இல் வெளிவந்தது. நிலவறைப் பாடல்கள் 138 தடங்களாய் ஆறு தட்டுக்களிலே 2014இல் வந்தன. இவற்றையெல்லாம் விஞ்சியது 2012இல் நடந்த வேடிக்கை. ஐம்பது ஆண்டுக்குள் வெளியிடப்படாத ஒலிப்பதிவு பாதுகாப்பை இழக்கும், வெளியிட்டால் உரிமை எழுபது ஆண்டாக நீளும் என்று ஐரோப்பியச் சட்டம் வந்தது. உடனே 1962ஆம் ஆண்டுப் பதிவுகளைத் திரட்டிச் சுமார் நூறே நூறு பிரதிகள் வெளியிட்டார்கள். மக்கள் கேட்பதற்காகவா? மக்கள் உரிமையின்றிக் கேட்டுவிடாதிருப்பதற்காக! 2020இல் டிலன் தம் அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களின் உரிமையை யூனிவர்சல் என்ற பெருங் கும்பனிக்கு விற்றுவிட்டார்.

ஆகவே எம் மாணவன் கண்டு மயங்கிய அந்த 'அரிய' பதிவுகளில் இயற்கையாகவே அரியதாய்ப் பிறந்த பாட்டு ஒன்றேனும் இல்லை. பாட்டு பிறக்கும்போது வாயுள்ளவரெல்லாம் பாடக்கூடியதாகவே பிறக்கிறது. அதை அரியதாக்குவது ஒரு பூட்டு. அங்கே பூட்டு கும்பனியுடையது. இங்கே?

இங்கே நடந்ததைச் சொல்வோம். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இலங்கைத் தமிழிலே பொப்பிசை என்ற பெயரோடு ஒரு பாட்டுவகை எழுந்தது. உரும்பிராயிலே பிறந்து விவசாயக் கல்வி கற்ற நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்றும் 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்றும் பாடினார். ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைக் கடல் கடந்து கொண்டுசென்றார். எமது திருகோணமலையிலிருந்து எம். பி. பரமேஷ், எம். பி. கோணேஷ் என்ற சகோதரர் இருவர் புறப்பட்டனர். பரமேஷ் பாடிய 'உனக்குத் தெரியுமா' என்ற காதற்பாட்டு இசைத்தட்டாக வந்தது. இலங்கையின் முதல் தமிழ் மெல்லிசைத்தட்டு என்றே அதனைக் குறிப்பிடுவாரும் உளர். உனக்குத் தெரியுமா என்று கேட்ட அந்தப் பாட்டு, அது பிறந்த ஊர் மாணவருக்கே தெரியவில்லை.

இப்பாடல்களின் பெருமை யாது? முதற்பெருமை மொழி. அந்நாளிலே எம் வீடுகளில் வானொலி திறந்தால் வருவது பெரும்பாலும் தமிழகத்துத் திரைப்பாட்டு. அதிலே காதலன் சென்னைத் தமிழிலே உருகுவான். தாய் மதுரைத் தமிழிலே அழுவாள். எங்கள் வாய்மொழி நகைச்சுவை நாடகத்துக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த நிலையிலே மாமியைக் கூப்பிட்டு மகள் எங்கே போனாள் என்று முற்றத்திலே நின்று கேட்கின்ற குரலை, அதன் சொல்லோடும் இழுப்போடும் இசைக்குள்ளே கொண்டுவந்தவர்கள் இவர்கள். கள்ளுக்கடைக்குப் போகாதே என்ற பாட்டு மதுவிலக்குப் பிரசங்கம் அன்று. குடிப்பவனின் கையைப் பிடித்துக் கெஞ்சுகின்ற வீட்டின் குரல். பத்துப் பிரசங்கம் செய்யாததை அது சிரிக்கவைத்தே செய்தது.

மனோகரனின் பாட்டையோ இன்னும் உன்னிப்பாகக் கேட்கவேண்டும். மீன் கொண்டுவந்த செய்தியைக் கூவுகின்ற பாட்டு அது. சிங்களச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் அதிலே தோளிலே கைபோட்டுக்கொண்டு நடக்கின்றன. 1956இலே தனிச் சிங்களச் சட்டம் பிறந்த நாட்டிலே, 1958இலே இனக்கலவரம் கண்ட நாட்டிலே, இரு மொழியையும் ஒரே மூச்சிற் பாடிய பாட்டு இரு சாராரின் கல்யாண வீட்டிலும் ஒலித்தது. கடலோரத்து மீன்சந்தையிலே எந்தச் சட்டம் வந்தும் மொழிகள் கலந்தே வழங்குகின்றன என்பதை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. 1977இலே 'அவர் எனக்கே சொந்தம்' என்ற திரைப்படத்திலே இளையராஜா அதை எடுத்தாண்டார். தமிழகத்திலே இன்று பலர் அதனைத் திரைப்பாட்டு என்றே எண்ணுகின்றனர். பட்டியல் இல்லாத பாட்டுக்கு நேரும் கதி அது. மனோகரன் 2018 ஜனவரியிலே சென்னையிலே மறைந்தார்.

இனி, இப்பாடல்களை இசையென்றே ஏற்காத கூட்டத்தாருக்கு வருவோம். 'கிற்றார் அந்நியக் கருவி. பைலா பறங்கியர் ஆட்டம். இவற்றுக்குத் தமிழ் மரபிலே இடம் ஏது?' என்பது அவர்கள் வாதம். ஐயா, கச்சேரி மேடையிலே உங்கள் பாடகரின் அருகில் வீற்றிருக்கும் வயலின் எந்தக் கப்பலிலே வந்தது? அது நம் தெய்வீக இசைக்குள்ளே நுழைந்து இருநூறு ஆண்டளவே ஆகிறது. ஆர்மோனியத்தை இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை தள்ளிவைத்திருந்தது. அக்காலமெல்லாம் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் ஆர்மோனியம் பாடிக்கொண்டேதான் இருந்தது. தூய்மை பேசியவர் காத்தது தம் பதவியைத்தான்.

துறைமுகப் பட்டினத்திலே இருந்துகொண்டு 'அந்நியம்' பேசுவது இன்னும் பெரிய வேடிக்கை. போர்த்துக்கேயர் வந்தனர், கோணேசர் கோயிலை இடித்தனர், கோட்டை கட்டினர். அவர்க்குப் பின் ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். 1957 வரை ஆங்கிலக் கடற்படையின் தளம் இங்கிருந்தது. வந்தவருள் ஆண்டவர் போய்விட்டனர். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் எனப்படும் எளிய மக்கள் எஞ்சினர். தச்சரும் கொல்லருமாய் நம் அயலிலே வாழ்ந்தனர். அவர்களுடைய கபிறிஞ்ஞா ஆட்டப்பாட்டு நம் வேலிக்கு அப்பால் கேட்டுப் பழகிய பாட்டு. கபிறிஞ்ஞாவின் தாளமே கொழும்பிலே பைலாவாயிற்று. பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்டியன் அதற்குச் சிங்களச் சொல் அளித்து மக்களிடம் சேர்த்தார். அத்தாளம் பொப்பிசையிலே தமிழ்ச் சொல்லும் பெற்றது. அண்மை ஆண்டுகளிலே லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இங்கு வந்து பறங்கியரின் பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்து களஞ்சியப்படுத்தினர். ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவருக்குக் கேட்டது, அடுத்த தெருவிலே இருந்த நமக்குக் கேட்கவில்லை.

பத்தாம்பசலிகளைச் சாடுவது எளிது. நம் கூடாரத்தைப் பற்றிச் சொல்லத்தான் நா கூசுகிறது. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. 1960களிலே மரபுப் போராட்டம் மூண்டபோது, மக்கள் பேசும் மொழியிலே கதை எழுதியவர்களைப் பண்டிதர் 'இழிசனர்' என்றனர். அந்த வசையை மாலையாக அணிந்து கைலாசபதியும் சிவத்தம்பியும் அவர்தம் தோழரும் வாதாடினர், வென்றனர். அதே காலத்திலே பேராதனையிலே பேராசிரியர் வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். கதையிலே வாய்மொழி வென்றது. மேடையிலே கூத்து வென்றது. ஆனால் கிற்றாரோடு வந்த வாய்மொழியை நம்மவர் என்ன செய்தார்கள்? 'மேனாட்டுச் சீரழிவு', 'இளைஞரைத் திசைதிருப்பும் கூத்தடிப்பு'. இலக்கியக் கூட்டங்களிலே மூத்த தோழர் சிலர் இன்றும் இவ்வாறு கூறக் கேட்டிருக்கிறோம். 'இழிசனர்' என்ற சொல்லை மட்டும் அவர்கள் பயன்படுத்தவில்லை, பொருள் அதுவேதான்.

இப்பாடல்களிலே குறையே இல்லையென்று வாதிட வரவில்லை. பெண்ணைக் கேலிப் பொருளாக்கிய பாட்டுக்கள் உண்டு. இரவல் மெட்டுக்கு அவசரச் சொல் கட்டியவை உண்டு. கள்ளுக்கடைக்குப் போகின்றவனைக் கெஞ்சுகின்ற பாட்டு, அவனை அங்கே துரத்துகின்ற வாழ்வைப் பற்றி வாய்திறக்கவில்லை என்று நம் மாணவர் கேட்கட்டும். கேட்பதற்குப் பாட்டு முன்னே இருக்கவேண்டுமே! சுவைத்தபின் பழிப்பது விமரிசனம். கேளாமற் பழிப்பதற்கு வேறு பெயருண்டு.

கேட்கக் கிடைக்காமற் போனது எவ்வாறு? 1981இலே யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்தன, அது உலகறிந்தது. 1983 ஜூலையிலே எரிந்த வீடுகளிலே வானொலிப் பெட்டியும் இசைத்தட்டும் ஒலிநாடாவும் இருந்தன. அவற்றை எண்ணியவர் இல்லை. பின்னர் போர். பாடியவர் பலர் நாட்டைவிட்டே அகன்றனர். நித்தி ஆஸ்திரேலியாவுக்கும் பரமேஷ் ஜெர்மனிக்கும் சென்றனர். 2004 டிசம்பர் 26இலே கடலே எழுந்து வந்து எம் கரையோர வீடுகளிலே எஞ்சியதை அள்ளிச் சென்றது. எல்லாவற்றுக்கும் தப்பியதைக் காற்றுத் தின்கிறது. ஒலிநாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக்கின்மேல் இரும்புத் துகளை ஒருவகைப் பசையால் ஒட்டிய பொருள். ஈரம் ஏற ஏறப் பசை இளகும். இளகிய நாடாவைக் கருவியிலே ஓட்டினால் துகள் உரிந்து வரும். உரிந்த துகளோடு பாட்டும் போகும். உப்புக்காற்றும் வாடைமழையும் உள்ள இந்த ஊரிலே, அலுமாரியிலே அடுக்கிவைத்துவிட்டுப் 'பத்திரமாய் இருக்கிறது' என்று சொல்வது தன்னைத்தானே ஏமாற்றுவது.

அலுமாரி என்றதும் இன்னொரு கூட்டத்தார் நினைவுக்கு வருகின்றனர். இவர்களுக்குப் பாட்டின்மீது வெறுப்பில்லை, அளவுகடந்த காதல். பழைய இசைத்தட்டைத் தேடித் தேடி வாங்குவர். துடைத்து உறையிலிட்டுப் பூட்டுவர். இத்தகைய அன்பர் ஒருவரிடம் சென்று, வகுப்பிலே ஒருமுறை ஒலிக்கவிடத் தட்டொன்றின் பிரதி கேட்டோம். "பிரதி எடுத்தால் இதற்கு என்ன மதிப்பு?" என்றார். தேநீர் தந்து உபசரித்தார், பாட்டைத் தரவில்லை. பத்தாயிரம் வீட்டிலே ஒலித்த பாட்டு ஒருவருடைய அலுமாரியிலே மட்டும் இருப்பதனால் விலையேறுகிறதாம்! ஊர்க் கிணற்றுக்கு மூடிபோட்டுவிட்டு, தண்ணீர் அருமையாய்ப் போயிற்று என்று பெருமைப்படுவதைப் போன்றது இது. அங்கே கும்பனி பூட்டிய பூட்டை இங்கே அன்பர் பூட்டுகிறார். கும்பனியிடமாவது சாவி எந்த அறையிலே இருக்கிறது என்ற பட்டியல் உண்டு. இவர் கண்மூடினால் பிள்ளைகள் பழைய சாமான்காரனைக் கூப்பிடுவர்.

நூறாண்டுக்கு முன்னும் இதே நோய் இருந்தது. அன்று அது ஏட்டைப் பற்றியிருந்தது. சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடி வீடு வீடாக அலைந்தார். தொட்டால் ஒடியும் ஏட்டைக் கண்டு பதைத்தார். 1887இலே கலித்தொகையை அச்சிலே தந்தார். கலித்தொகையும் பொப்பிசையும் ஒன்றா என்று பண்டிதர் சினப்பார். ஒன்றென்று யார் சொன்னார்? இரண்டையும் அழிக்கும் கறையான் ஒன்று என்கிறோம். பல்கலைக்கழகத்திலே ஏட்டுச்சுவடிப் பதிப்பு வரலாற்றை வரிவரியாகக் கற்றோம். பாடபேதம் ஒவ்வொன்றையும் குறித்து விடையெழுதிப் பட்டம் பெற்றோம். அந்தப் பயிற்சியை வைத்துக்கொண்டு எங்கள் தெருவின் பாட்டுக்குச் சொல் எழுதியவர் யார் என்று விசாரிக்க எமக்குத் தோன்றவில்லை. வெட்கத்தோடு இதை எழுதுகிறோம்.

ஆகவே வேண்டியது பட்டியல். 'மறக்கமுடியாத பத்துப் பாடல்' என்று விழா மலரிலே போடும் பட்டியலன்று. தட்டின் இலக்கம் என்ன, வெளியிட்டவர் யார், ஆண்டு எது, சொல் யாருடையது, மெட்டு யாருடையது, கிற்றார் மீட்டியவர் யார், கொங்கோ தட்டியவர் யார் என்று ஒவ்வொன்றையும் கேட்டு எழுதும் பட்டியல். பாடியவர் பெயர் மட்டும் நிலைக்கிறது. பின்னாலே நின்று வாசித்தவன், இலவசமாய்ச் சொல் எழுதிக்கொடுத்த லிகிதன், ஒலிப்பதிவு அறையிலே பொத்தான் அழுத்தியவன், இவர்களுடைய உழைப்பு பெயரின்றிப் போகிறது. உழைப்பைப் பற்றி ஓயாது பேசும் நாம் இதைச் செய்யாமல் வேறு யார் செய்வர்? இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் களஞ்சியத்திலே உள்ள தமிழ்ப் பாடல்களின் விபரம் பொதுமக்கள் கையிலே அச்சுவடிவிலே வரவேண்டும் என்று ஆசிரிய சங்கங்கள் கேட்கவேண்டும். மக்கள் வரிப்பணத்திலே பதிவான பாட்டு அது. 2005 முதல் நூலகம் என்ற நிறுவனத்தார் ஈழத்து நூலையும் இதழையும் மின்வடிவாக்கி எவரும் காசின்றிப் படிக்கத் திறந்து வைத்திருக்கின்றனர். அச்சுக்கு முடிந்தது ஒலிக்கும் முடியும். பாடியவருக்கு உரியதைப் பறிக்கச் சொல்கிறோமென்று எவரும் திரிக்கவேண்டாம். அவரிடமோ குடும்பத்தாரிடமோ அனுமதி கேட்பது பட்டியலின் முதல் வேலை. பெயர் தெரியாதவருக்கு உரிமையை எப்படி வழங்குவது?

மாணவர் கேட்பார்கள்: பரீட்சையிலே இது வருமா, சேர்? வராது. ஆயினும் அந்த எட்டுப் பக்கக் கட்டுரைக்காரனும், சுராங்கனி பாடினவர் எங்கட ஊரோ என்று கேட்டவளும், வேறு இருவரும் சென்ற சனிக்கிழமை எம்முடன் வந்தார்கள். ஒல்லாந்தர் குடாவை அடுத்த ஒழுங்கையிலே, முன்னொரு காலம் கல்யாண வீடுகளிலே கிற்றார் வாசித்த முதியவர் ஒருவர் இருக்கிறார். பிஸ்கற் தகரப்பெட்டி ஒன்றைக் கட்டிலின் கீழிருந்து இழுத்தெடுத்தார். உள்ளே ஏழு ஒலிநாடாக்கள். இரண்டிலே பூஞ்சணம் வெள்ளையாய்ப் படர்ந்திருந்தது. ஒன்றின்மேல் நீல மையிலே ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதி, தேதி மட்டும் அழிந்திருந்தது. பெயரைப் பையன் கொப்பியிலே எழுதிக்கொண்டான். ஓட்டிப் பார்க்கக் கருவி இல்லை. இருந்தாலும் உலர்த்தாமல் ஓட்டக்கூடாது என்று முதியவரே தடுத்தார். வேறு யாரிடம் இருக்கும் என்று கேட்டோம். விரலை மடக்கி ஐந்து வீடு சொன்னார். ஐந்தாவது வீட்டுக்காரர் சென்ற மாதந்தான் தவறிவிட்டாராம். சாமான்களை இன்னும் அகற்றவில்லை, நாளைக்கே போங்கள் என்றார்.